பூனைக்கும் ஒரு மதில் வேண்டும்!

"மதில் மேல் பூனை" என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! ஒரு முடிவுக்கு வராமல் தத்தளிக்கிறவர்களுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம். பூனையைக் கேட்டால் அது வேறு விதமாகச் சொல்லும். மதில் மேல் உட்கார்ந்திருக்கிற பூனைக்கு ஒரு தத்தளிப்பும் கிடையாது. நாய் எட்டாது, குழந்தைகள் எட்டாது, நாலு பக்கமும் தெரிகிறது. அதற்கு அதைவிட நிம்மதியான இடம் ஏது? மதில் இல்லாத பூனைதான் தத்தளிக்கும். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிவதற்குள் என் குழந்தையின் கையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

எங்களுடையது வேளச்சேரியில் நாலாவது மாடியில் ஒரு வாடகை ஃபிளாட். பாப்பா பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, ஒரு மழை நாளில் எங்கள் ஸ்கூட்டர் அடியில் ஒண்டிக்கொண்டிருந்தான் கிட்டு. சாம்பல் நிறத்தில் வரி வரியாகக் கையகலக் குட்டி. கீழே தெரு நாய்களும் கார்களும் என்பதால் வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வளர்த்தோம். தடுப்பூசி போட்டாயிற்று, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் செய்தாயிற்று. சாது என்றால் அப்படி ஒரு சாது.

பாப்பா தவழ ஆரம்பித்ததும் வந்தது வினை. கிட்டு எங்கே படுத்தாலும் அங்கே போய் நிற்பாள். வாலைப் பிடித்து இழுப்பாள், காதைத் திருகுவாள். அவன் சோபா அடியில் போனால் இவளும் தலையை நுழைப்பாள். ஃபிரிஜ் மேல் ஏறினால் அங்கிருந்த மருந்து டப்பா உருளும். ஷோகேஸ் மேல் ஏறினால் பொம்மை உடையும். "இறங்குடா!" என்று நானே விரட்டுவேன். கீழே இருந்தால் குழந்தை, மேலே போனால் நான். ஒரு நாள் மத்தியானம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அவனை மடக்கிவிட்டாள் பாப்பா. தப்பிக்க வழியில்லை. பிறாண்டிவிட்டான்.

குழந்தையின் கையை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் ஓடினோம். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு ஊசி போட்டார்கள்.

அன்று ராத்திரி என் கணவர் சொன்னார்: "இந்தா பாரு, எனக்கும் கிட்டுன்னா உயிர்தான். ஆனா குழந்தையா, பூனையான்னு வந்துட்டா யோசிக்கவே இடமில்லை. ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வந்துடறேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் நாலு சுவருக்குள் வளர்ந்தவன் தெருவில் எத்தனை நாள் பிழைப்பான்?

அப்போது வாயைத் திறந்தது என் மாமியார். தென்காசிப் பக்கத்துக்காரர். கிட்டுவைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர்.

"அது மேல ஏன் கோவப்படுதிய? அதுக்கு ஏறி ஒக்கார ஒரு எடம் இல்லியே! எங்க வீட்ல பூனை பரண்லதான் கெடக்கும். அம்புட்டுப் புள்ளைகளும் கீழ ஆட்டம் போடும், அது மேலருந்து பாத்துக்கிட்டே தூங்கும். ஒருநாள் யாரையும் பிறாண்டினதில்ல."

"இங்கே பரணுக்கு எங்கே போறது அத்தை?"

"ஒண்ணு செஞ்சு போடுங்க."

இரண்டு வாரம் தவணை வாங்கினேன்.

ஏன் உயரம்?

பூனை வேட்டையாடுகிற ஜாதிதான். ஆனால் தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு அதுவே இரையாகவும் ஆகிவிடும். அதனால் பயம் வந்தால் அது முதலில் தேடுவது ஓர் உயரமான இடத்தை. அங்கிருந்து யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்கலாம். யாரும் பின்னாலிருந்து வந்து பிடிக்க முடியாது. நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்குகிற பிராணி அது. பயமில்லாமல் தூங்க ஓர் இடம் இல்லாவிட்டால் அதன் சுபாவமே மாறிவிடும். சில பூனைகள் சிடுசிடுக்கும், சில கட்டில் அடியிலேயே ஒளிந்து கிடக்கும், சில கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும்.

தோட்டமும் மதிலும் உள்ள வீட்டில் இந்தக் கவலையே இல்லை. ஃபிளாட்டில் நாமாகத்தான் ஓர் உயரத்தை ஏற்படுத்தித் தர வேண்டும். அதற்குத்தான் தூணும் தட்டுகளும் வைத்து, பூனை ஏறி விளையாட ஒன்று விற்கிறார்கள். கடையில் 'கேட் ட்ரீ' என்று கேட்டால் தருவார்கள். எங்கள் வீட்டில் பூனைக் கோபுரம்.

முதல் கோபுரம் விழுந்த கதை

அவசரத்தில் ஃபோனில் படம் பார்த்து ஒன்று வாங்கினேன். ஐந்தடி உயரம், பஞ்சு மாதிரி வெள்ளைத் துணி, ஊஞ்சல், தொங்குகிற பந்துகள், விலை 2,900 ரூபாய். பார்க்க ஜோர்! உயரத்தைப் பார்த்தேனே தவிர, அடிப்பலகையின் அகலத்தைப் பார்க்கவில்லை. அது ஒன்றேகால் அடிதான் இருந்தது. தூண் என்று நினைத்தது வெறும் அட்டைக் குழாய்.

மூன்றாம் நாள் கிட்டு உச்சித் தட்டிலிருந்து தாவினான். கோபுரம் அசைந்தது, விழவில்லை. அப்போதே நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நாலாம் நாள் பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நான் சமையலறை வாசலில். அவளும் தொப்பென்று உட்கார்ந்தாள், கோபுரமும் சாய்ந்தது. அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த அவர் ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அன்றைக்கே அதைப் பிரித்து எடுத்து வைத்துவிட்டேன். தவணையில் பாக்கி ஒன்பது நாள். பக்கத்துத் தெரு மரக்கடையில் ஓர் ஆசாரியைப் பிடித்தேன். "பூனைக்கா?" என்று சிரித்தார். ஆனால் அருமையாகச் செய்து கொடுத்தார்.

எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் வாங்கினாலும் சரி, ஆசாரியிடம் செய்யச் சொன்னாலும் சரி, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

அடிப்பலகை: முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நாலரை அடி உயரத்துக்கு இரண்டடிக்கு இரண்டடியாவது வேண்டும். எங்களுக்கு முக்கால் அங்குல பிளைவுட்டை இரட்டையாக ஒட்டினார் ஆசாரி. அடிப்பலகை மாத்திரமே 9 கிலோ. கடையில் உச்சித் தட்டைப் பிடித்து நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள். நாலு கிலோ பூனை தாவிக் குதிக்கிற வேகம் நம் கை தள்ளுவதைவிட அதிகம். ஒரு தடவை ஆட்டம் கண்டுவிட்டால் பல பூனைகள் அப்புறம் அதில் காலே வைக்காது.

உயரம்: உயரம் அதிகமானால்தான் நல்லது என்பதில்லை. குழந்தையின் கைக்கு எட்டாமல், நம் கைக்கு எட்டும்படி இருந்தால் போதும். நாலரை அடி எனக்கு சௌகரியமாக இருக்கிறது. தட்டைத் துடைக்கவும், டாக்டரிடம் போகிற நாளில் அவனைத் தூக்கவும் ஸ்டூல் தேட வேண்டியதில்லை.

தூண்: பூனை நகம் தீட்டுவது குறும்பு அல்ல. நகத்தின் மேலே இருக்கிற பழைய உறை கழன்று விழ வேண்டும். உடம்பையும் சோம்பல் முறிக்க வேண்டும். பாதத்திலிருந்து வருகிற வாசனையால் 'இது என் இடம்' என்று அடையாளமும் போட வேண்டும். அதனால், பின்னங்காலில் நின்று முன்னங்காலை முழுக்க நீட்டினாலும் எட்டாத அளவுக்குத் தூணில் கயிறு சுற்றியிருக்க வேண்டும். மூன்றடி சுற்றினால் நிச்சயம் போதும். எங்கள் தூண் நன்றாகக் காய்ந்த, நாலு அங்குல கனமுள்ள சவுக்குக் கட்டை. அதன் மேல் கற்றாழை நார்க் கயிறு. தேங்காய் நார்க் கயிறும் சுற்றலாம். தும்பு கொட்டும், அவ்வளவுதான். எண்ணெய் வாடை அடிக்கிற கயிறு வேண்டாம். கணக்குச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 8 மில்லிமீட்டர் கயிறு, இந்தக் கனமுள்ள தூணில் ஒரு அடி உயரத்துக்கு 13 மீட்டர் பிடிக்கும். மூன்றடிக்கு 40 மீட்டர். இது தெரியாமல் நான் 15 மீட்டர் வாங்கிக்கொண்டு வந்து திரும்ப அலைந்தேன்.

தட்டுகள்: பூனை உடம்பைச் சுருட்டிப் படுக்க ஒன்றேகால் அடிச் சதுரமாவது வேண்டும். விளிம்பில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சட்டம் அடித்தால் தூக்கத்தில் உருளாது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் ஒன்றேகால் அடி இடைவெளி சரியாக இருக்கும். குட்டிக்கும் வயதான பூனைக்கும் முக்கால் அடி போதும். தட்டுகளை மாற்றி மாற்றிப் படிக்கட்டு மாதிரி அமைத்தால் ஏறுவதைப் போலவே இறங்குவதும் சுலபம். இரண்டு பூனைகள் இருந்தால் உச்சியில் இரண்டு தட்டுகள் போடுங்கள். இல்லாவிட்டால் பெரியது மேலே உட்கார்ந்துகொண்டு சின்னதை ஏற விடாது.

துணி: பஞ்சுத் துணியும் கம்பளமும் பார்க்கத்தான் அழகு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வாடை பிடிக்கும். தெள்ளுப் பூச்சி அடைந்தால் போக்குவது பெரிய பாடு. பழைய டர்க்கி டவலை நாலு மூலையிலும் நாடா வைத்துக் கட்டிவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துத் துவைத்து வெயிலில் போட்டால் ஆயிற்று. தொங்குகிற பந்து, எலாஸ்டிக் கயிறு, பிரிந்த நூல் இவை கூடவே கூடாது. பூனை நூலை விழுங்கினால் குடலில் சிக்கி ஆபரேஷன் வரை கொண்டுபோய்விடும். கைக்குழந்தை கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டால்? நினைத்தாலே பகீரென்கிறது.

ஆசாரிக்கும் சாமான்களுக்குமாக 5,200 ரூபாய் ஆயிற்று. முதலிலேயே இதைச் செய்திருந்தால் 2,900 மிச்சம்.

எங்கே வைப்பது?

நல்ல கோபுரம் வந்ததும் முதலில் நான் செய்த காரியம், ஹாலின் அழகு கெடக் கூடாதென்று அதைத் துணி காயப்போடுகிற பின்பக்கத்தில் வைத்தது. மூன்று நாள் கிட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மனுஷர்கள் இருக்கிற இடத்தில்தான் பூனைக்கு வேலை. நம்மைப் பார்க்க வேண்டும், ஆனால் நம் கைக்குச் சிக்கக் கூடாது. அதுதான் அதன் ஆசை. ஹால் ஜன்னல் பக்கத்து மூலைக்குக் கொண்டு வந்தேன். அன்று சாயந்திரமே ஏறிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே புறா, காக்கை, அணில். அதைவிடப் பொழுதுபோக்கு வேறென்ன வேண்டும்?

ஜன்னல் கிழக்கிலோ வடக்கிலோ இருந்தால் நல்லது. மேற்கு ஜன்னலானால் கோடையில் மத்தியானத்துக்கு மேல் தட்டு கொதிக்கும். திரை போட மறக்காதீர்கள்.

மூலையில் வைத்தால் இரண்டு பக்கம் சுவர் காப்பாகும். அத்துடன் விடக் கூடாது. குழந்தை உள்ள வீட்டில் கோபுரத்தைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். மேல் பக்கத்தில் இரண்டு எல் ஆங்கிள் வைத்து, சுவரில் துளை போட்டு, அந்தச் சுவரின் கல்லுக்கு ஏற்ற பிளக் அடித்து ஸ்குரூவால் முடுக்க வேண்டும். வாடகை வீடாயிற்றே என்று தயங்கி, வீட்டுக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு ஓட்டைதானேம்மா, காலி பண்ணும்போது அடைச்சுடுங்க" என்றார். மாதம் ஒரு தடவை ஸ்குரூக்களை முடுக்கிவிடுகிறேன்.

இனி, வைக்கக் கூடாத இடங்கள்.

சீலிங் ஃபேன் பக்கத்தில் வைக்காதீர்கள். நல்ல திடமான பூனை நின்ற இடத்திலிருந்தே நாலைந்து அடி தாவும். உச்சித் தட்டிலிருந்து ஃபேன் இறக்கை எட்டும் தூரந்தான். ஹாலின் நடுவில் ஃபேன் என்றால் மூலையில் கோபுரம்.

பால்கனியிலும், கம்பி வலை இல்லாத ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். பூனை எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் காலை ஊன்றிப் பிழைத்துக்கொள்ளும் என்று நாம் நம்புகிறோம். 1987-ல் நியூயார்க் நகரத்துக் கால்நடை மருத்துவர்கள் இருவர், மாடியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். பத்தில் ஒன்பது பிழைத்தது வாஸ்தவந்தான். ஆனால் மார்பில் அடி, தாடை எலும்பு முறிவு, கால் முறிவு என்று அவை பட்ட பாடு கொஞ்சமல்ல. விழுந்த இடத்திலேயே உயிர் போனவை அந்தக் கணக்கில் வரவும் இல்லை. ஜன்னல் கிராதி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பூனையின் காறை எலும்பு நம்முடையது போல் தோளோடு இறுகப் பிணைந்ததல்ல. தலை நுழைந்தால் அநேகமாக உடம்பும் நுழைந்துவிடும். கொசுவலைத் துணியும் அதன் நகத்துக்கு நிற்காது. உறுதியான கம்பி வலை அடித்த பிறகுதான் எங்கள் ஜன்னலைத் திறக்கிறோம்.

குழந்தையின் தொட்டில், கட்டில் பக்கத்தில் வைக்காதீர்கள். பூனை மேலிருந்து அதில் குதிக்கலாம். குழந்தையும் கோபுரத்தைப் பிடித்து ஏறலாம். அடுப்பு, சாமி விளக்கு, ஷோகேஸ் பக்கமும் வேண்டாம். அடிக்கடி திறந்து மூடுகிற கதவின் பின்னாலும் வேண்டாம்.

எப்படிப் பழக்குவது?

தூக்கி மேலே உட்கார வைக்காதீர்கள். தானாக ஏறினால்தான் அது அதன் இடம். அது படுத்துப் பழகிய துணியை ஒரு தட்டில் விரியுங்கள். தினசரி சாப்பாட்டில் ஒரு கைப்பிடியைத் தட்டுக்குத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் மோப்பம் பிடித்துக்கொண்டே ஏறும். சோபாவைப் பிறாண்டினால் அடிக்காதீர்கள். சோபாவின் அந்த மூலைக்கு ஒரு கெட்டித் துணியைப் போர்த்திவிட்டு, தூணை அதன் பக்கத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள். தூணில் நகம் தீட்டுகிற சமயம் பார்த்து ஒரு துண்டு மீன் கொடுங்கள். புரிந்துகொள்ளும். பழகின பிறகு கோபுரத்தை அதன் இடத்துக்கு நகர்த்திப் பிணைத்துவிடலாம். ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் பிணைக்காத கோபுரத்தை ஒரு நாள்கூட வைக்காதீர்கள், தனித் தூண் கட்டை போதும்.

குழந்தைக்கு ஒரு சட்டம்

கோபுரம் வந்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். கிட்டு மேலே ஏறிவிட்டால் யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, இறக்கக் கூடாது. குழந்தைக்கு மட்டுமல்ல, எனக்கும் அவருக்கும்கூட. கீழ்த்தட்டைக் கோபுரத்தின் சுவர்ப் பக்கமாக வைத்துவிட்டோம். பாப்பா அதில் கால் வைக்க முடியாது. அப்படியும், இருவரையும் தனியாக விட்டுவிட்டு நான் அடுத்த அறைக்குப் போவதில்லை. எந்தக் கோபுரமும் தாயின் கண்ணுக்கு ஈடாகாது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாப்பா இப்போது ஓடுகிறாள். கிட்டுவைத் துரத்துகிறாள், அவன் இரண்டு தாவலில் மேலே போய் உட்கார்ந்துகொண்டு வாலை மட்டும் தொங்கவிட்டு அவளைப் பார்க்கிறான். இவள் கீழே நின்று, "கித்து மேலே! தொதக் கூதாது!" என்று எனக்கே சட்டம் சொல்கிறாள். அதற்குப் பிறகு ஒரு கீறல்கூட விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ராத்திரி லைட்டை அணைக்கும் முன் உச்சித் தட்டைத் துழாவி, "இருக்கியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.

"என்னங்க, மேலே இருந்தா தொடக் கூடாது, சட்டம்!" என்றால், "தொடலை, எண்ணிப் பார்த்தேன்" என்கிறார்.

பொங்கலுக்கு வந்த மாமியார் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தூணை ஆட்டிப் பார்த்தார்; அசையவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான். இதுக்கா அம்புட்டுத் துட்டு? எங்க பரணுக்குக் காலணா செலவு கெடையாது" என்றார். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தன் இலையிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார்.